மயில் கழுத்து, அப்புறம் கத்தரிப்பூ

போன மாதம் கவின் போன் பண்ணினான். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையில் இப்போது அளவை அறையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. "ஆன்ட்டி, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். அந்தக் காலத்துல மெஷினே இல்லாம கண்ணால அளந்தீங்களாமே, அதைப் பத்தி" என்றான். மெஷின் இல்லை என்று யாரப்பா சொன்னது? மெஷின் இருந்தது. அதற்குக் கண்தான் இல்லை. கண்ணை நாங்கள் தினமும் காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் கொண்டுபோனோம்.

கவின் லேசில் போனை வைக்கிற ஆள் இல்லை. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இப்போது என்ன நடக்கிறது என்று அரை மணி நேரம் சொன்னான். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னத் தகட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஆட்டம் அடங்கும்வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குளிர வைக்கிறார்களாம். அப்படியும் அது முழுசாக அடங்காதாம். கடைசியாக ஒரு நடுக்கம் மிஞ்சுமாம். எந்தக் குளிருக்கும் போகாத நடுக்கம், அதுதான் குவாண்டம் என்றான். அதை ஒளியை வைத்து அளக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பார்ப்பதற்காகப் போடுகிற ஒளியே அந்தத் தகட்டைத் தள்ளுகிறது. ஒளியைக் கூட்டினால் நன்றாகத் தெரியும், ஆனால் தள்ளுவதும் கூடும். குறைத்தால் தள்ளாது, ஆனால் சரியாகத் தெரியாது. நடுவில் ஓர் அளவு பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். "பார்க்கிறதே அதுக்குத் தொந்தரவு ஆன்ட்டி, அதுதான் மேட்டரே" என்று பெரிய ரகசியம் போலச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இதை நான் எண்பதுகள்லயே கோலசிலாங்கூர்ல உக்காந்து பார்த்துட்டேன்லா" என்றேன். அவன் நம்பவில்லை. நம்பவும் வேண்டாம். நான் பார்த்தது குவாண்டம் இல்லை, வெறும் சூடு. ஆனால் பார்க்கப் போட்ட வெளிச்சம் பார்க்கிற பொருளைக் கெடுத்தது உண்மை. அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. அதில் என் கையும் இருந்தது. இதை ஆண்டு மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நான் கோலசிலாங்கூரை அடுத்த அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நான் ஐந்தாம் படிவம் முடித்த நேரத்தில்தான் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக ஃபேக்டரி பஸ் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து முனைக்கே வரத் தொடங்கியது. அம்மா பால் வெட்டக் கிளம்புகிற அதே நேரத்தில் நான் பவுடர் பூசிக்கொண்டு பஸ் ஏறுவேன். முதல் வருடம் பெட்டி கட்டினேன். இரண்டாம் வருடம் ஈயம் வைத்து ஒட்டினேன். கல்யாணம் ஆன வருடம் அளவை அறையில் ஆள் வேண்டும் என்றார்கள். ஏர்கோன் உண்டு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று கேள்விப்பட்டதும் கையைத் தூக்கிவிட்டேன். அறிவியல் ஆர்வம் என்றெல்லாம் இப்போது அளக்க எனக்கு விருப்பமில்லை.

அங்கே என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் தகவலைச் சேர்த்து வைக்கும் வட்டத் தட்டு ஒன்று வேகமாகச் சுழலும். அந்தத் தட்டில் எழுதவும் படிக்கவும் ஒரு சின்னத் தலை உண்டு. மெல்லிய எஃகுத் தகட்டின் நுனியில் அதைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நாங்கள் அதை மூக்குத்தி என்போம், அளவும் ஏறக்குறைய அதுதான். தட்டு சுழலும்போது எழும் காற்றில் மூக்குத்தி தட்டைத் தொடாமல் மிதக்க வேண்டும். தாழ்ந்தால் தட்டைக் கீறிவிடும், உயர்ந்தால் எழுத்து பதியாது. மிதக்கிற இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு தலைமுடியின் தடிப்பை இருநூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு.

அதை எந்தக் கோலை வைத்து அளப்பது? ஒளியை வைத்துத்தான். நிஜத் தட்டுக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டைச் சுழலவிட்டு, அதன் வழியாக வெள்ளை வெளிச்சத்தை மூக்குத்தியின் மேல் விழ வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் மூக்குத்தியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது நிறம் வரும். மழை பெய்த தார் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் நிறநிறமாகத் தெரியுமே, அதே சங்கதி. இடைவெளி மாறினால் நிறம் மாறும். நிறத்தைச் சரியாகச் சொன்னால் இடைவெளியைச் சொன்னதாகக் கணக்கு.

சுவரில் ஒரு நிறப் பட்டியல் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். பக்கத்தில் ப்ளூ ஒன்று, ப்ளூ இரண்டு, வயலெட் என்று பெயர்கள். எந்தப் புடவைக் கடையில் ப்ளூ ஒன்று, ப்ளூ இரண்டு என்று விற்கிறார்கள்? ஒரு வாரத்தில் நாங்களே பென்சிலால் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டோம். உயரத்திலிருந்து இறங்கி வந்தால் முதலில் ராமர் பச்சை, அடுத்து மயில் கழுத்து, அதற்கும் கீழே கத்தரிப்பூ, இன்னும் இறங்கினால் அரக்கு. மயில் கழுத்து வரைக்கும் பாஸ். கத்தரிப்பூ வந்தால் மூக்குத்தி தாழ்ந்துவிட்டது, தள்ளிவிட வேண்டியதுதான். எங்களோடு வேலை செய்த ரொஹானி மலாய்க்காரப் பெண், அவள்கூட "அக்கா, இனி கத்தரிப்பூ" என்பாள்; மலாயில் 'இனி' என்றால் 'இது'. பதிவேட்டில் எண் எழுதுகிற கட்டத்தில் எண்ணை எழுதிவிட்டு, குறிப்புக் கட்டத்தில் எங்கள் பெயரைத் தமிழில் எழுதிக்கொள்வோம். எங்கள் எஞ்சினியர் மிஸ் டான் அதற்குத் தடை சொல்லவில்லை.

மிஸ் டானைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை எதற்கு? செகிஞ்சானில் நெல் போடுகிற சீனக் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். காலையில் அறைக்குள் நுழைந்ததும், கைச்சூடு எதிலும் ஏறக் கூடாது என்று கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருக்கும் வெப்பமானிக்கு முன்னால் நிற்பார். அதைப் பார்த்துக் குறித்த பிறகுதான் யாருக்கும் குட் மார்னிங். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஒரு நிறத்தைச் சொன்னால் உடனே எழுத மாட்டார். நம் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: பார்த்தியா, நினைச்சியா?

ஆரம்பத்தில் எனக்கு அது கோபத்தைக் கிளப்பியது. பார்க்காமலா சொல்கிறேன்? ஒருநாள் எனக்குத் தெரியாமல் ஒரே மூக்குத்தியை மற்றவற்றோடு கலந்து ஆறு தடவை என் மேசைக்கு அனுப்பிவிட்டார். நான் நாலு தடவை ஒரு நிறமும் இரண்டு தடவை வேறு நிறமும் எழுதியிருந்தேன். அந்த ஆறு வரியையும் என் முன்னால் வைத்து, "இதுல எதை நினைச்சே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டையும் காட்டினேன். அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் பச்சையாக இருந்ததால் இதுவும் பச்சை என்று கை தானாக எழுதிவிட்டது. மிஸ் டான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. நாலே வருடத்தில் என்னை அந்தக் குழுவுக்குத் தலைவியாக்கினார். வேகத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. ஒரு மூக்குத்தியை மாட்டி, சுழலவிட்டு, பார்த்து, எழுதி, கழற்ற எனக்கு அரை நிமிடம் போதும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வேலை சுருங்கியது. பல ஃபேக்டரிகளில் ஆள் குறைத்தார்கள். லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும் வேலை போய்விட்டது. எங்கள் இடத்தில் ஆளைக் குறைக்கவில்லை, ஆனால் குறைந்த ஆளை வைத்து அதிகம் பார்க்கச் சொன்னார்கள். பழைய பல்பு மங்கல், கண் வலிக்கிறது என்று பெண்கள் புலம்பவே, நான்தான் மிஸ் டானிடம் போய் நல்ல வெளிச்சமான பல்பு வேண்டும் என்று கேட்டேன். சோதித்துப் பார்க்க ஒன்றே ஒன்று வாங்கி, நாலாம் மேசையில் பொருத்தினார்கள். நிறம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்த மேசையில் லெட்சுமியை உட்கார வைத்தேன்.

லெட்சுமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சேர்ந்து ஐந்து மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுடைய அம்மா வீட்டில் தையல் தைப்பவர். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்துகிற வேலை இவளுடையது. துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நிறம் கண்ணில் நிலைக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாளாம். அதே பழக்கத்தை மைக்ராஸ்கோப்பிலும் கொண்டுவந்தாள். நான் அரை நிமிடத்தில் முடிப்பதை அவள் இரண்டு மூன்று நிமிடம் பார்ப்பாள். "ஏன்டி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பார்க்கிறே?" என்று நான் கிண்டல் பண்ணினால் சிரிப்பாள். ஆனால் வேகம் கூடாது.

அவளுடைய அப்பா தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் யாரும் தோட்டத்து வேலையில் இல்லை. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தோட்ட ஆபீஸ் கிராணி இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட வேண்டுமானால் யாராவது ஒருவருக்கு நிரந்தர வேலை என்ற கடிதம் வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒரு கடிதம் வாங்கக் கூடியவள் லெட்சுமி ஒருத்திதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நாலாம் மேசைக்குப் போன முதல் வாரமே அவள் தள்ளுகிற மூக்குத்திகள் அதிகமாகின. பதிவேட்டைப் பார்த்தேன். எண் கட்டத்தில் கத்தரிப்பூவின் எண். குறிப்புக் கட்டத்தில் வரிக்கு வரி ஒரே வாசகம்: "மயில் கழுத்து, அப்புறம் கத்தரிப்பூ."

"என்னடி இது, ரெண்டு நிறம்?"

"ரெண்டும் தெரியுதுக்கா. முதல்ல மயில் கழுத்துதான். பார்த்துக்கிட்டே இருந்தா கத்தரிப்பூவா இறங்கிடுது."

"காத்துல மிதக்கிறது அதுபாட்டுக்கு இறங்குமா? ஒரு மூக்குத்திக்கு ஒரு நிறம்தான். உனக்குக் கண்ணு சொக்குது."

"இல்லக்கா, இறங்குது."

அவள் தள்ளியதை எடுத்துக்கொண்டு போய் என் மேசையில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான மயில் கழுத்து. அவளையும் பார்க்கச் சொன்னேன். குனிந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "இங்க இறங்கலக்கா, அங்கதான் இறங்குது" என்றாள். "மேசைக்கு மேசை மூக்குத்திக்குப் புத்தி மாறுமா?" என்று கேட்டு நான் சிரித்தேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அன்றைக்கே உண்மையை அப்படியே என் கையில் கொடுத்தாள். நான் அதை வைத்துச் சிரிப்புக் காட்டினேன்.

மிஸ் டான் சிரிக்கவில்லை. ரொஹானியை ஒரு மணி நேரம் நாலாம் மேசையில் உட்கார வைத்தார். ரொஹானி எங்கள் எல்லாரையும் போல அரை நிமிடக்காரி. அவள் பார்த்தது எல்லாம் பாஸ். ஆக மேசையில் குறையில்லை என்றானது. பிறகு லெட்சுமியைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் நிறப் பார்வை மிக நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மேசையும் சரி, கண்ணும் சரி. அப்படியானால் இவள் கவனமில்லாதவள் என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் எழுத வேண்டும். எனக்கு சூப்பர்வைசர் பதவி தரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் குழுவின் எண்ணிக்கை இவளால் சரிந்துகொண்டிருந்தது. பசியாறும் நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அழிக்கிற வெள்ளை மையை அவள் முன்னால் வைத்தேன். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்தப் பக்கத்துல இருக்கிற கத்தரிப்பூவை எல்லாம் அழிச்சிட்டு, மயில் கழுத்துன்னு மட்டும் எழுது. எண்ணையும் மாத்திடு" என்றேன். தள்ளி வைத்திருந்த மூக்குத்திகளை நானே பாஸ் ஆனவற்றோடு சேர்த்தேன்.

"அப்ப நான் பார்த்தது பொய்யாக்கா?"

"பார்த்ததை விடு. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

அவள் ஒவ்வொரு வரியாக அழித்தாள். கோணலில்லாமல், ரவிக்கைக்குப் பட்டி வைக்கிற மாதிரி அழகாக அழித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதிவேட்டில் அழிக்கவே கூடாது என்பது ஃபேக்டரிச் சட்டம். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நாலு நாளில் பொருள் வாங்குகிற கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். மேனேஜர் லெட்சுமியைக் கூப்பிட்டு, யார் அழித்தது என்று கேட்டார். அளவை அறைக்குக் கண்ணாடிச் சுவர். கதவும் திறந்திருந்தது. அவள் "நான்தான் அழிச்சேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் பெயரை அவள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. பதிவேட்டைத் திருத்திய குற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை, அதுவரை வேலைக்கு வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி, இரண்டு பிள்ளைகள், அது இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஏறும் லயத்து முனையில் பஸ் நிற்காமல் போகும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். கோழைத்தனம் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது அதற்குக் குடும்பப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் நான் நாலாம் மேசையில் உட்கார்ந்தேன். ஒரு மூக்குத்தியை மாட்டிச் சுழலவிட்டுப் பார்த்தேன், மயில் கழுத்து. எழுதப் போனால் பதிவேட்டுத் தாள் தீர்ந்திருந்தது. ரொஹானி ஸ்டோருக்குப் போனாள். மூக்குத்தியைக் கழற்றாமல், கண்ணையும் எடுக்காமல், அவள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நீலம் கலங்கியது. ஏதோ கண்ணில் தூசி என்று சிமிட்டினேன். ஊதா உள்ளே ஏறி வந்தது. ரொஹானி தாளோடு திரும்பியபோது அது முழுக் கத்தரிப்பூ.

அம்மாடி! ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தை மறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். மயில் கழுத்து. காத்திருந்தேன். மறுபடியும் கத்தரிப்பூ. ஓடிப்போய் மிஸ் டானைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவரை யாரும் தொட்டதில்லை, அன்று நான் தொட்டேன்.

அவர் வழக்கம்போலக் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தார். ஸ்டாப்வாட்ச் எடுத்தார். அட்டையை வைத்தார், எடுத்தார். வேறு மூக்குத்தி மாட்டினார். ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்தார். எல்லை ஓரத்தில் இருந்தவை எல்லாம் இறங்கின. பிறகு புதுப் பல்பைக் கழற்றி இரண்டாம் மேசையில் போட்டார். இப்போது இரண்டாம் மேசையில் இறங்கியது, நாலாம் மேசையில் அசையாமல் நின்றது. மத்தியானச் சாப்பாடு இல்லை, எனக்கும் இல்லை அவருக்கும் இல்லை.

"வெளிச்சம் சுடுது" என்றார் கடைசியில். பிரகாசமான பல்பு மூக்குத்தியைச் சூடாக்குகிறது. மூக்குத்தி, பசை, எஃகுத் தகடு மூன்றும் ஒரே அளவில் விரியாது. அதனால் மூக்குத்தி துளி வளைந்து தாழ்கிறது. அரை நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு அது தெரியாது. நின்று பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். கணினிக்குள் பல்பு இல்லை, ஆகவே அந்த மூக்குத்திகள் நல்லவைதான். லெட்சுமி பார்த்ததும் நிஜம்தான். கெட்டது நாங்கள் பார்க்கப் போட்ட வெளிச்சம், அதைக் கேட்டு வாங்கியவள் நான்.

மிஸ் டான் பழைய பதிவேட்டை எடுத்தார். வெள்ளை மை பூசிய பக்கத்தைத் தனியாகப் பிடித்து, பல்புக்கு நேராகத் தூக்கினார். மைக்கு அடியில் எழுத்து நிழலாகத் தெரிந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "படி" என்றார்.

நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அப்போது தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "மயில் கழுத்து, அப்புறம் கத்தரிப்பூ" என்று படித்தேன். அடுத்த வரி. அதுவும் அப்படியே. அதற்கு அடுத்த வரி. எங்கள் நிறப் பெயர்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கம் முடியும்வரை அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

"அவள் பார்த்ததை எழுதியிருக்கிறாள். அப்புறம் ஏன் அழித்தாள்?"

"நான் அழிக்கச் சொன்னேன், மிஸ்."

அவர் பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "அங்கேயும் இதே மாதிரி சொல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விசாரணை அன்று லெட்சுமி நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு வந்திருந்தாள். அவளுடைய அப்பா சலவை பண்ணிய சட்டையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிஸ் டான் தன் குறிப்புகளை வைத்து விளக்கினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அவள் பார்த்தது சரியாகவே இருக்கட்டும். பதிவேட்டைத் திருத்தியது வேறு குற்றம். அதற்கு மன்னிப்பு கிடையாது" என்றார். நியாயம்தான். பல்பு அவளுடைய கண்ணைக் காப்பாற்றியது, வேலையைக் காப்பாற்றவில்லை. மிஸ் டான் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன். "அவளா அழிக்கல, ஸார். அழிக்கச் சொன்னது நான். குழுத் தலைவி சொன்னதைத்தான் அவள் கேட்டாள். வேலை வேணுமா வேணாமான்னு மிரட்டினேன்" என்றேன். மேனேஜர் லெட்சுமியிடம் உண்மையா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றாள்.

என் தலைவிப் பதவி அன்றைக்கே போனது. சூப்பர்வைசர் பேச்சும் போனது. ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மற்றவர்களோடு மேசையில் உட்காரச் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு மிஸ் டான் உள்ளே என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லெட்சுமிக்கு அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் கிடைத்தது. கடிதத்தை வாங்கிய அன்றே அவளும் அப்பாவும் கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். புது வீடு கிடைக்கும்வரை லயத்து வீட்டை விட்டு வைக்கச் சொல்லிக் கிராணிக்கும் ஒரு நகல் போனது.

அளவை அறையிலும் சட்டம் மாறியது. பல்புக்கு முன்னால் ஒரு மூடி வைத்தார்கள். பார்க்கிற நேரத்துக்கு மட்டும் திறந்து, உடனே மூட வேண்டும். எவ்வளவு வெளிச்சம், எத்தனை விநாடி என்று மிஸ் டான் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நிறம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும், மூக்குத்தி கலங்குகிற அளவுக்குக் கூடாது. கவின் போனில் சொன்ன அந்த நடு இடத்தைத்தான் அவரும் தேடினார். அந்த மூடியைத் திறந்து மூடத் தெரிந்தவர்களில் லெட்சுமிதான் முதல். புதிதாக வந்தவர்களுக்கு அவளைத்தான் சொல்லித் தரச் சொன்னார்கள்.

விசாரணை முடிந்த மறுவாரம் வேலை விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னிக்கே என் பேரைச் சொல்லியிருக்கலாமேடி. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களையும் அனுப்பியிருப்பாங்கக்கா. அப்புறம் நாலாம் மேசையில யாரு உக்காந்து பார்ப்பா? மத்தவங்களுக்கு என்ன? நீங்கதான் மனசு கேக்காம ஒருநாள் நின்னு பார்ப்பீங்கன்னு தெரியும். அதான் இருந்தேன்."

அவள் அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நானோ மனசு கேட்காமல் அந்த மேசைக்குப் போகவில்லை. அன்று ஆள் குறைவு, போய் உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். தாள் தீர்ந்துபோனதால்தான் பார்த்தேன். தாள் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் மயில் கழுத்து என்று எழுதிவிட்டு அடுத்ததை மாட்டியிருப்பேன். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நானும் அவளை அப்படியே நம்ப விட்டுவிட்டேன், இத்தனை வருடமாக. ஆண்டு மலர் அவள் வீட்டுக்கும் போகும். படிக்கட்டும்.